சுகாதாரப் பயிற்சியில் சேர விரும்புவோர் அறிய வேண்டியவை

செஞ்சி வட்டத்துத் தளவானூரில், மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்துருமல்லேசுவரக் கோயிலைக் காண வெளியூரார் வருவதுண்டு. அக்குன்றைச் சூழ்ந்து வாழும் குடிகளுக்கோ அன்றாடம் வேண்டுவன நல்ல குடிநீரும் நோயற்ற வீடுமே. இவ்விரண்டையும் காப்பதற்கென்று சர்க்காரில் இரண்டு உத்தியோகங்கள் உள. ஒன்று சுகாதார ஆய்வாளர். மற்றொன்று கிராம சுகாதார செவிலியர். மேல்நிலைப் படிப்பிற்குப் பின் இரண்டாண்டுப் பயிற்சியால் நம் கிராமத்துப் பிள்ளைகள் இவற்றிற்குத் தகுதி பெறலாம். ஆயினும், வேண்டிய யோக்கியதை இன்னதென்று முன்கூட்டி அறியாமையால் பல குடும்பங்கள் பொருளையும் காலத்தையும் இழக்கின்றன. ஆதலின் அவ்விவரங்களை இங்கு எடுத்துரைப்போம்.

நோய் வந்தபின் மருந்தளிப்பது ஒரு தொழில். வராமற் காப்பது வேறொரு தொழில். இவ்வுண்மையை உணர்ந்தே சென்னை மாகாணத்தில் 1939-ம் ஆண்டில் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வோர் ஊழியர் என்றிராமல், எல்லாத் தடுப்பு வேலைகளையும் பார்க்கும் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் வேண்டும் என்று 1973-ல் கர்த்தார் சிங் கமிட்டி யோசனை கூறிற்று. சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது திட்டம்.

முதலில் ஆடவர்க்குரிய சுகாதார ஆய்வாளர் வேலையைக் கூறுவோம். இரண்டாம் நிலை ஆய்வாளர் பதவிக்கு மூன்று தகுதிகள் அவசியம். (1) பத்தாம் வகுப்பில் தமிழை ஒரு பாடமாகக் கொண்டு தேறியிருத்தல். (2) பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்துத் தேறியிருத்தல். (3) பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் அல்லது சுகாதார ஆய்வாளருக்கான இரண்டாண்டுப் பயிற்சியை அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்தில் முடித்து, பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் வழங்கும் சான்றிதழைப் பெற்றிருத்தல்.

உயிரியல் எதற்கு என்று சிலர் கேட்பர். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்த நீர் தேங்கிய தொட்டியிலும் குடத்திலும் முட்டையிடும்; ஏழு முதல் பத்து நாட்களில் முட்டை கொசுவாகிவிடும். ஆகையினாலேயே வாரம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்க்கச் சொல்லுகிறார்கள். குழாயின் கடைக்கோடியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பதற்கும் இத்தகைய காரணம் உண்டு. காரணம் அறிந்தவனே ஊராருக்குக் காரணம் சொல்ல முடியும்.

பெண்களுக்குரியது துணைச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் பயிற்சி. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி, பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய, 17 வயதிற்குக் குறையாத, 35 வயதிற்கு மேற்படாத பெண்கள் இதில் சேரலாம். கலைப் பிரிவில் படித்தோர்க்கும் இடமுண்டு. பயிற்சிக் காலம் இரண்டாண்டு. முடித்தபின் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இவ்விரு பதவிகளுக்கும் ஆள் எடுப்பது, 2012-ல் ஏற்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமாகும்.

மருத்துவப் பட்டம் பெற்ற இளைஞருக்கும் வழியுண்டு. 1999-ல் சென்னையில் நிறுவப்பட்ட தேசியத் தொற்றுநோயியல் நிலையத்தில், பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு இரண்டாண்டுக் காலம் கற்பிக்கப்படுகிறது.

இனி, எச்சரிக்கை ஒன்று. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைப் பார்வையிடும் பணியில் யான் கண்ட நிகழ்ச்சி இது. விவசாயி ஒருவர் மனைவியின் நகையைச் சங்கத்தில் அடகு வைத்து, பக்கத்து நகரத்தில் ஒரு பயிற்சி நிலையத்திற்குக் கட்டணம் செலுத்தினார். மகன் மேல்நிலையில் படித்தது வணிகவியல். ‘அதனால் பாதகமில்லை’ என்று அந்நிலையத்தார் சொன்னதை நம்பினார். இரண்டாண்டு கழித்துச் சான்றிதழ் கைக்கு வந்தது, விண்ணப்பமோ தள்ளுபடியாயிற்று. உயிரியலும் இல்லை, அந்நிலையத்திற்கு அங்கீகாரமும் இல்லை. வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது, நகை இன்றும் சங்கத்தின் பெட்டகத்தில்தான் இருக்கிறது. கடன் கொடுத்த சங்கத்தின் மீது பிழையில்லை. ஆனால் கடன் வாங்குமுன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அக்குடும்பம் தப்பியிருக்கும்.

ஆகவே பெற்றோர்கள் செய்ய வேண்டியவை இவை: பத்தாம் வகுப்பு முடிந்து பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் அன்றே இதைச் சிந்தியுங்கள், பின்னர் திருத்துவது எளிதன்று. பயிற்சி நிலையத்தாரிடம் அங்கீகார உத்தரவைக் காட்டச் சொல்லி, அது எந்த ஆண்டுகளுக்கு, எத்தனை மாணவருக்கு என்று படித்துப் பாருங்கள். அதன் நகலை ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அலுவலரிடம் காட்டி விசாரியுங்கள். செலுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது பெறுங்கள். வாரியத்தின் புதிய அறிவிப்பு வெளிவருந்தோறும் தகுதி விதிகளை மறுபடியும் பாருங்கள்.

ஊரின் நோயைத் தடுக்கப் போகும் பிள்ளை, முதலில் தன் வீட்டிற்குக் கடன் என்னும் நோய் வாராமற் காக்கட்டும். விசாரித்தபின் சேருங்கள், சேர்ந்தபின் ஊக்கத்துடன் கற்றுத் தேறுங்கள். உங்கள் கிராமம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.