கம்ப்யூட்டருக்குப் போட்ட கொக்கி

நத்தம் கடைவீதியில் ஜெராக்ஸ் எடுத்து, பட்டா விண்ணப்பமும் போட்டுத் தரும் கடை. கம்ப்யூட்டரில் எந்த வேலையும் ஓடவில்லை. ஆனாலும் உள்ளே விசிறி மிக்ஸி மாதிரி இரைகிறது. சித்திரை வெயில் என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைக்கிறார் கடைக்காரர்.

வெயில்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது; அந்தக் கம்ப்யூட்டரின் உழைப்பை யாரோ திருடிக்கொண்டிருக்கலாம். கம்பத்தில் கொக்கி போட்டு கரன்ட் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் திருட்டு சட்டென்று புரியும். மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தை, ஓயாமல் கணக்குப் போட்டுத்தான் சம்பாதிக்க வேண்டும். பிட்காயினுக்குத் தனி இயந்திரங்கள் தேவை; இதற்குச் சாதாரண கம்ப்யூட்டரே போதும். பணம் யாருக்குப் போகிறது என்று துப்புத் துலக்குவதும் கடினம். திருடனுக்கு வேறென்ன வேண்டும்? உழைப்பது உங்கள் இயந்திரம், பில் உங்களுக்கு, காசு அவனுக்கு.

2017 செப்டம்பரில் வந்த காயின்ஹைவ் என்ற சேவை இந்தத் திருட்டைச் சுலபமாக்கியது. இணையதளத்தில் சில வரி நிரலைச் செருகினால் போதும். பார்க்க வருபவர்களின் கம்ப்யூட்டரெல்லாம் கணக்குப் போடும். 2018-ல் திருப்பதி மாநகராட்சியின் தளத்திலேயே இந்த நிரல் ஒளிந்திருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சில தளங்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை: பிரவுசரை மூடிய பிறகும், திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு குட்டி ஜன்னல் பதுங்கி வேலையைத் தொடரும். காயின்ஹைவ் 2019 மார்ச்சில் கடையை மூடியது. தொழில் மூடவில்லை.

போனும் தப்பாது. லோவாபி என்ற ஆண்ட்ராய்டு வைரஸை 2017-ல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஒரு போனில் ஓடவிட்டுப் பார்த்தது. ஓயாமல் கணக்குப் போட்டதில் இரண்டே நாளில் பேட்டரி உப்பி, பின்மூடியே வளைந்துவிட்டது. அந்த வைரஸ் வந்த வேடங்களில் ஒன்று, வைரஸ் ஒழிப்புச் செயலி!

ஆகவே வாட்ஸப்பில் வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பைத் தொடாமல் இருப்பது நல்லது. பிரவுசரை அப்டேட் செய்துவைக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் இத்தகைய நிரல்களைத் தடுக்கும் வசதி 2019 முதலே உண்டு. மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் சுத்தம் செய்யும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. திருடன் நுழையும் இன்னொரு பெரிய வாசல், காசு கொடுக்காமல் ஏற்றிக்கொள்ளும் ‘கிராக்’ மென்பொருள். டிடிபி கடைகளில் அது இல்லாத கம்ப்யூட்டரைத் தேடத்தான் வேண்டும்.

சந்தேகம் வந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கலாம். சில கள்ள நிரல்கள் அதைக் கண்டதும் கப்சிப். திறந்தால் இரைச்சல் அடங்கி, மூடியதும் மறுபடி கிளம்பினால், டேபிள் ஃபேனை நம் பக்கமே திருப்பிக்கொள்ளலாம்.