அடையாளச் சீட்டு

போடிமெட்டுச் சரிவிலும் அதற்கு மேற்கேயுள்ள மலைகளிலும் விளையும் ஏலக்காய், மலைச்சாலை வழியே இறங்கிப் போடிநாயக்கனூரை அடைகின்றது. அங்கே நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில் அது ஏலத்தில் விற்கப்படும். ‘லாட்’ என வணிகர் வழங்கும் ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண் உண்டு. வணிகர் மாதிரிக் காயைச் சோதித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, கணிப்பொறி வாயிலாக விலை கேட்பர். மாதிரி கைமாறிய பின்னர் அவ்வெண்ணை வேறொரு குவியலில் ஒட்டினால் என்னாகும்? காய் கெடுவதில்லை, எண்ணும் அழிவதில்லை, நம்பி விலை கேட்டவரே ஏமாறுவர்.

மாணவர்களே, மென்பொருள் எழுதுவோருக்கும் இத்தகைய இடர் உண்டு. அவர்கள் தம் எழுத்தின் ஒவ்வொரு நிலையையும் ‘கிட்’ என்னும் கருவியால் களஞ்சியத்தில் சேமிப்பர். 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை இயற்றினார். சேமித்த ஒவ்வொரு நிலைக்கும் கிட் இடும் பெயர் பொதுவாக 40 குறிகள் நீளமுடையது. அதனை எவர் நினைவிற் கொள்வார்? ஆதலின், ‘பதிப்பு 1.2’ என்பது போன்றதொரு சிறு பெயரை அதன்மேல் ஒட்டுவர். இதுவே ‘டேக்’; அடையாளச் சீட்டு என்னலாம்.

தவறான நிலையில் ஒட்டிய சீட்டைக் கிழித்தெறிதல் எளிது. கிட் டேக் என்னும் கட்டளையோடு ‘டி’ என்னும் குறியைச் சேர்த்தாற் போதும். நீங்குவது பெயரே, பெயர் சுட்டிய நிலை நீங்காது. ஆயினும், வேறு கிளை எதிலும் சேராத நிலையை அச்சீட்டு மட்டுமே பற்றியிருந்தால், கிட் பின்னர்ச் செய்யும் துப்புரவில் அந்நிலையும் மறையக்கூடும். ஆகவே அதன் நீண்ட பெயரை முன்னரே எழுதி வைத்தல் நன்று.

இனி, நம் கணிப்பொறியில் நீக்கியது பொதுக் களஞ்சியத்தில் நீங்கிவிடாது. அங்கே தனிக் கட்டளையால் நீக்கல் வேண்டும். அங்கும் நீக்கிய பின், முன்னரே படியெடுத்துச் சென்றோரிடம் பழைய சீட்டு அப்படியே இருக்கும். அவர்களுள் ஒருவர் தம் சீட்டுகள் அனைத்தையும் ஒருசேர அனுப்பினால், நாம் நீக்கியதும் திரும்ப வந்து சேரும்! பிறரறியாமல் அவர்தம் சீட்டை மாற்றுதல் கூடாதென்பது கிட் கொண்ட கொள்கை. எனவே, வெளியிட்ட சீட்டு தவறெனின், தவற்றை ஒப்புக்கொண்டு வேறு பெயர் இடுக என அதன் கையேடு அறிவுறுத்துகின்றது. 1.2 தவறாயின் 1.2.1 என இடலாம்; எண்களுக்கா பஞ்சம்?

2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கிட்ஹப் தளத்தில் 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய ஒரு துணைக்கருவியினுள் தீயோர் புகுந்தனர். அதன் பழைய சீட்டுகளைப் பெயர் மாற்றாமலே தம் நச்சு நிலைக்குத் திருப்பினர். சீட்டின் பெயரை நம்பி அதனை இயக்கியோரின் கடவுச்சொற்கள் முதலிய மறைபொருள்கள் இயக்கப் பதிவேடுகளில் வெளிப்படலாயின. நல்ல நிலையின் நீண்ட பெயரை முன்னமே எழுதி, அதனையே அழைத்து வந்தோரை அம்மாற்றம் தீண்டவில்லை.