உங்களுக்குத் தெரியுமா? – ஊசிமருந்தில் ஆமணக்கு

தருமபுரி மானாவாரிக் காடுகளில் நிலக்கடலைக்கு ஊடுபயிராக நிற்கும் ஆமணக்கு, மார்பகப் புற்றுநோய் ஊசிமருந்துக்குள்ளும் போயிருக்கிறது!

• மருந்தின் பெயர் பாக்லிடாக்சல். பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்தது. மார்பகப் புற்றுக்கு அமெரிக்காவில் 1994-இல் அனுமதி. ஒரே சங்கடம், தண்ணீரில் கரையாது.

• கரைக்க என்ன செய்தார்கள்? ஆமணக்கெண்ணெயோடு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரைப் பிணைத்த திரவத்தைச் சேர்த்தார்கள். (வீட்டு விளக்கெண்ணெய் வேறு, இது வேறு!) மருந்து கரைந்தது, சிலருக்கு ஒவ்வாமையும் வந்தது. ஊசிக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுப்பது அதனால்தான்.

• இப்போது எண்ணெய் சேர்க்காத வகைகளும் உண்டு. பாலிமர் நானோ உருண்டைக்குள் மருந்தைப் பொதிகிறார்கள். தென்கொரியாவின் ஜெனெக்சால்-பிஎம் இவ்வகை. இந்தியாவில் டாபர் பார்மா 2007-இல் ‘நானாக்செல்’ கொண்டுவந்தது.