ஊரும் ஆயுளும் – 6: அமெரிக்கக் கவுண்டிகள் சொல்லும் கணக்கு

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுண்டி. மாவட்டம் என்று எண்ணிக்கொண்டால் ஓரளவு பிடிபடும். ஆனால் அளவில் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடிப் பேர் வாழ்கிறார்கள். டெக்சாஸின் லவிங் கவுண்டியில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 64 பேர். இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. பிறப்பு, இறப்பு, வருமானம், படிப்பு என எல்லாப் பதிவுகளும் கவுண்டிவாரியாகத் தொகுக்கப்படுவதால், ஓர் ஊரின் உடல்நலத்தை இன்னோர் ஊரோடு ஒப்பிட விரும்பும் ஆய்வாளர்களுக்குக் கைவசம் உள்ள அலகு இதுதான்.

அந்த ஒப்பீடு எத்தனை கொடுமையான இடைவெளியைக் காட்டும் என்பதற்கு இரண்டு கவுண்டிகள் போதும். மேற்கு வர்ஜீனியாவின் தெற்குக் கோடியில், அப்பலாச்சிய மலைகளுக்கு நடுவே இருப்பது மெக்டவல். தலைநகர் வாஷிங்டனை ஒட்டி, வர்ஜீனியா மாநிலத்தில் இருப்பது ஃபேர்ஃபாக்ஸ். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 350 மைல். 2010ஆம் ஆண்டுக் கணக்கின்படி மெக்டவலில் ஆண்களின் சராசரி ஆயுள் 63.9 ஆண்டுகள், ஃபேர்ஃபாக்ஸில் 81.7. ஒரே நாணயம், ஒரே அரசமைப்புச் சட்டம், ஒரே தேசியக் கொடி. ஆயுள் மட்டும் பதினெட்டு ஆண்டு வித்தியாசம்.

மெக்டவல் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1950இல் அங்கே கிட்டத்தட்ட 99,000 பேர் வாழ்ந்தார்கள். நாட்டின் எஃகு ஆலைகளுக்கு நிலக்கரி தந்த ஊர் அது. சுரங்கத்துக்குள் இயந்திரங்கள் இறங்கின, வேலைகள் குறைந்தன, பின்னர் எஃகுத் தொழிலே படுத்தது. 2020இல் மிஞ்சியவர்கள் சுமார் 19,000 பேர். போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். நின்றவர்களில் முதியவர்களும், நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டவர்களும், முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் எழுதித்தரப்பட்ட ஓபியாய்டு மாத்திரைகளுக்கு அடிமையானவர்களும் அதிகம். கழிவுநீர்க் குழாய் இல்லாத மலைச்சரிவு வீடுகளிலிருந்து அழுக்கு நேரே ஓடையில் விழும் இடங்கள் அங்கே உண்டு. கென்னடி அரசு 1961இல் ஏழைகளுக்கான உணவுக் கூப்பன் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியபோது முதல் கூப்பன்கள் தரப்பட்டது இந்தக் கவுண்டியில்தான். கவுண்டியின் பெரிய மளிகைக் கடையாகவும் பெரிய வேலை தரும் இடமாகவும் இருந்த வால்மார்ட் 2016இல் மூடப்பட்டது. ஃபேர்ஃபாக்ஸிலோ மத்திய அரசுப் பணிகளும் அதைச் சார்ந்த ஒப்பந்த நிறுவனங்களும் நிறைந்திருக்கின்றன. அங்கே நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். மெக்டவலில் அது முப்பதாயிரத்தைத் தொடுவதே பாடு.

இத்தகைய வேறுபாடுகளை நாடு முழுவதற்கும் ஒரே முறையில் அளக்கும் முயற்சி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மக்கள் நலவாழ்வு நிறுவனத்தில் தொடங்கியது. அந்நிறுவனம் முதலில் தன் மாநிலத்தின் கவுண்டிகளை மட்டும் தரவரிசைப்படுத்தியது. பிறகு ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் நிதியுதவியோடு, 2010 முதல் ஏறக்குறைய எல்லாக் கவுண்டிகளுக்கும் ஆண்டுதோறும் வரிசை வெளியிட்டது. ஒவ்வொரு கவுண்டியும் அதன் மாநிலத்துக்குள் எந்த இடத்தில் நிற்கிறது என்று இதில் சொல்லப்பட்டது. வரிசைகள் இரண்டு. மக்கள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்பதை ஒன்று காட்டியது. நாளை எப்படி இருப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளை மற்றொன்று காட்டியது.

முதல் வரிசையில் பாதி மதிப்பெண் ஆயுளுக்கு, பாதி வாழும் தரத்துக்கு. ஆயுளை அளக்க எடுத்துக்கொண்ட முறை கவனிக்கத் தக்கது. எத்தனை பேர் இறந்தார்கள் என்று மட்டும் எண்ணவில்லை. 75 வயதுக்கு முன் இறந்த ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டுகளை இழந்தார்கள் என்று கூட்டினார்கள். எழுபது வயதில் மாரடைப்பால் இறந்தவர் கணக்கில் ஐந்து ஆண்டுகள். இருபத்தைந்து வயதில் சாலை விபத்திலோ போதை மருந்திலோ போனவர் கணக்கில் ஐம்பது ஆண்டுகள். பிறந்தும் பிழைக்காத பச்சிளங்குழந்தை கணக்கில் கிட்டத்தட்ட எழுபத்தைந்து. ஆகவே இளவயது மரணங்கள் மலிந்த ஊர் உடனே வெளிச்சத்துக்கு வரும். இளவயது மரணங்கள் பெரும்பாலும் தடுத்திருக்கக் கூடியவை என்பதால் இந்த முறை சரியானதே. வாழும் தரத்துக்கோ, தொலைபேசியில் மக்களிடம் கேட்கும் ஆண்டுக் கணக்கெடுப்பு பயன்பட்டது: பொதுவாக உடம்பு எப்படி இருக்கிறது, கடந்த முப்பது நாளில் எத்தனை நாள் உடம்புக்கு முடியவில்லை, எத்தனை நாள் மனசு சரியில்லை. இவற்றோடு எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதமும் சேர்ந்தது.

இரண்டாவது வரிசையில்தான் விவாதத்துக்குரிய பகுதி இருந்தது. காரணிகளுக்கு இப்படி எடை போடப்பட்டது: படிப்பு, வேலை, வருமானம், குடும்ப ஆதரவு, பாதுகாப்பு ஆகிய சமூக, பொருளாதாரக் காரணிகளுக்கு 40 விழுக்காடு, புகை, உணவு, உடலுழைப்பு, மது முதலிய பழக்கங்களுக்கு 30, காற்று, நீர், வீடு, போக்குவரத்துக்கு 10, மருத்துவ வசதிக்கு 20.

மருத்துவத்துக்கு ஐந்தில் ஒரு பங்குதானா என்று யாரும் திகைப்பார்கள். உடல்நலம் என்றாலே மருத்துவமனை என்று பழகிய மனத்துக்கு இது ஏற்க முடியாத எண். ஆனால் அது காற்றில் எழுதிய எண் அல்ல. 1993இல் மெகின்னிஸ், ஃபோகி என்ற இரு பொதுச் சுகாதார அறிஞர்கள் அமெரிக்க மரணங்களை வேறு கோணத்தில் எண்ணிப் பார்த்தார்கள். இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு, புற்றுநோய், பக்கவாதம் என்று எழுதப்பட்டிருக்கும். அவற்றுக்குப் பின்னால் இருந்தது என்ன என்று தேடினார்கள். 1990இல் இறந்த சுமார் 21 லட்சம் பேரில் நான்கு லட்சம் மரணங்களைப் புகையிலையும், மூன்று லட்சத்தை உணவுப் பழக்கமும் உடலுழைப்பின்மையும், ஒரு லட்சத்தை மதுவும் விளைவித்ததாக அவர்கள் மதிப்பிட்டார்கள். 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, கவுண்டிகளுக்கு இடையிலான ஆயுள் வேறுபாட்டையே நேராக எடுத்துக்கொண்டது. தனித்தனியே பார்த்தபோது, அந்த வேறுபாட்டில் 60 விழுக்காட்டைப் பொருளாதார நிலையும் இனமும் விளக்கின. உடற்பருமன், புகை, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் போன்றவை 74 விழுக்காட்டை விளக்கின. மருத்துவ வசதி விளக்கியது 27 விழுக்காடு. இவை ஒன்றன்மேல் ஒன்று படிவதால் கூட்டினால் நூறைத் தாண்டும். வறுமைதான் புகையையும் பருமனையும் இழுத்து வருகிறது என்பதே அந்தப் படிவின் பொருள். அதே ஆய்வின்படி 2014இல் மிகக் குறைந்த சராசரி ஆயுள் தெற்கு டகோட்டாவின் ஓக்லாலா லகோட்டா கவுண்டியில்: 66.8 ஆண்டுகள். பைன் ரிட்ஜ் பூர்வகுடிக் காப்பிடம் அமைந்த கவுண்டி அது. மிக அதிக ஆயுள் கொலராடோவின் சம்மிட் கவுண்டியில்: 86.8.

மருத்துவமனை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். நோய் வந்தவருக்கு மருத்துவமனையே கதி. ஆனால் ஓர் ஊரில் ஏன் அதிகம் பேருக்கு நோய் வருகிறது என்ற கேள்விக்கு மருத்துவமனையில் விடை இல்லை.

இங்கே நியாயமான ஓர் ஐயம் எழுகிறது. ஊர் மக்களை நோயாளி ஆக்குகிறதா, அல்லது திடமானவர்கள் வெளியேறிவிட நோயாளிகள் மட்டும் ஊரில் தங்கிவிடுகிறார்களா? மெக்டவலின் கதையில் இரண்டுமே உண்டு. வெறும் வரிசைப் பட்டியலால் இவற்றைப் பிரித்துக்காட்ட முடியாது. அதற்குச் சோதனை வேண்டும். மனிதர்களைச் சோதனைக்காக ஊர் மாற்றுவது சாதாரணமாக நடக்கிற காரியமும் அல்ல. ஆனால் ஒருமுறை நடந்தது. 1994க்கும் 1998க்கும் இடையில் அமெரிக்க வீட்டுவசதித் துறை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், கடும் வறுமைப் பகுதிகளின் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்களைச் சேர்த்துக் குலுக்கல் நடத்தியது. குலுக்கலில் வந்த ஒரு பிரிவினருக்கு, வறுமை குறைந்த பகுதியில் மட்டுமே செல்லுபடியாகும் வாடகை உதவிச் சீட்டு கிடைத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தக் குடும்பங்களின் பெண்களுடைய உடல் எடையும் இரத்தச் சர்க்கரையும் அளக்கப்பட்டன. சீட்டுப் பெறாதவர்களைவிடப் பெற்றவர்களிடையே கடும் உடற்பருமனும் சர்க்கரை நோயும் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் குறைவாக இருந்தன. அவர்களது வருமானம் சொல்லும்படி உயரவில்லை. மாறியது முகவரிதான். ஊர் என்பது தன்னளவிலேயே ஒரு காரணி என்பதற்கு இதைவிட உறுதியான சான்று அரிது.

ஊருக்குள் எது அப்படிச் செயல்படுகிறது என்பதை சிகாகோவின் அடுத்தடுத்த இரண்டு பேட்டைகள் காட்டிக்கொடுத்தன. 1995 ஜூலையில் அந்த நகரைத் தாக்கிய வெப்ப அலையில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். வடக்கு லான்டேலில் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 40. அதை ஒட்டிய தெற்கு லான்டேலில் லட்சத்துக்கு 4. வெயில் ஒன்றே, இரண்டிலும் தனியே வாழும் ஏழை முதியவர்களின் விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் இரண்டு பேட்டைகளிலும் தெருத்தெருவாக நடந்து விசாரித்தார். கறுப்பின மக்கள் வாழும் வடக்கு லான்டேலில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தொழிற்சாலை மூடப்பட்டிருந்தது. சியர்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் இடம்பெயர்ந்திருந்தது. கடைகள் போயின, பாதிப் பேர் போனார்கள், காலிமனைகள் மிஞ்சின. போதைப்பொருள் விற்பனைக்கும் துப்பாக்கிக்கும் அஞ்சி முதியவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். வெப்பம் அவர்களை அங்கேயே கொன்றது. மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் நிறைந்த தெற்கு லான்டேலில் கடைத்தெரு நாள் முழுக்க ஜேஜே என்றிருந்தது. முதியவர்கள் பயமின்றி வெளியே வந்தார்கள், குளிரூட்டிய கடைகளுக்குள் சற்று நின்றார்கள், ஒருவரைக் காணோம் என்றால் தேட ஆள் இருந்தது. ஒரு கடைத்தெரு உயிர்காக்கும் என்று எந்தச் சுகாதாரத் துறையின் பட்டியலிலும் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

பணமே எல்லாம் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. பொருளியலாளர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் 2001 முதல் 2014 வரையிலான வருமான வரிப் பதிவுகளை இறப்புப் பதிவுகளோடு இணைத்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், மேல்தட்டு ஒரு விழுக்காட்டு ஆண்கள் அடித்தட்டு ஒரு விழுக்காட்டு ஆண்களைவிட 14.6 ஆண்டுகள் அதிகம் வாழ்வது தெரிந்தது. பணக்காரர்கள் எங்கு வாழ்ந்தாலும் அவர்கள் ஆயுளில் பெரிய வேறுபாடு இல்லை. ஏழைகளின் ஆயுளோ ஊருக்கு ஊர் மாறியது: நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ ஏழைகள் நீண்ட காலம் வாழ்ந்தார்கள், டெட்ராய்ட், கேரி ஏழைகள் சீக்கிரம் இறந்தார்கள். புகைப்பவர்கள் குறைவாகவும், குடியேறியவர்களும் பட்டதாரிகளும் அதிகமாகவும், உள்ளூர் அரசு மக்களுக்காகக் கூடுதலாகச் செலவிடுவதாகவும் இருந்த இடங்களில் ஏழையின் ஆயுள் கூடியிருந்தது. ஊரின் தரம் யாரை அதிகம் பாதிக்கிறது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

இனி, ஒப்பிடும்போது செய்யக்கூடாத பிழைகள் சில. வயதைச் சரிசெய்யாமல் இறப்பு விகிதத்தை ஒப்பிடவே கூடாது. ஃபுளோரிடாவின் சம்டர் கவுண்டியில் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். ஓய்வு பெற்றோர் தேடிச் சென்று குடியேறும் ஊர். அங்கே மரணம் அதிகம் என்பதால் அது நோய்பிடித்த ஊர் ஆகிவிடாது. எல்லா ஊர்களுக்கும் ஒரே வயது அமைப்பு இருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்ட பிறகே ஒப்பீடு நியாயமாகும். சிறைச்சாலை உள்ள ஊரில் கைதிகளும் அவ்வூர் மக்களாகவே எண்ணப்படுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மெக்டவலிலும் மத்திய அரசின் சிறை ஒன்று உண்டு.

இதைவிட ஏமாற்றக் கூடியது சிறிய எண்களின் விளையாட்டு. அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய் மரணம் மிகக் குறைந்த கவுண்டிகளைக் குறித்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் மக்கள் குறைந்த கிராமப்புறக் கவுண்டிகள். தூய காற்று, கலப்படமில்லாத உணவு என்று காரணம் சொல்லத் தோன்றும். மரணம் மிக அதிகமான கவுண்டிகளைக் குறித்தால் அவையும் மக்கள் குறைந்த கிராமப்புறக் கவுண்டிகளே! புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் இதை எடுத்துக்காட்டி விளக்கினார். சில நூறு பேர் வாழும் ஊரில் ஒரு மரணம் நிகழ்ந்தால் விகிதம் வானத்துக்கு ஏறும், நிகழாவிட்டால் பூஜ்யம். இதில் ஊரின் குணம் எதுவும் இல்லை, தற்செயல் மட்டுமே. அதனால்தான் சிறிய ஊர்களுக்குப் பல ஆண்டுகளின் புள்ளிவிவரங்களைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அப்படியும் போதாதபோது வரிசையில் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள்.

பெரிய கவுண்டியில் சிக்கல் நேர்மாறானது: சராசரி மறைத்துவிடுகிறது. 2018இல் வெளியான அரசுத் தரவுகள் கவுண்டியைவிடச் சிறிய கணக்கெடுப்பு வட்டங்களுக்கும் ஆயுளைக் கணக்கிட்டன. ஓக்லஹோமாவின் ஸ்டில்வெல் ஊரில் ஒரு வட்டத்தின் சராசரி ஆயுள் 56.3 ஆண்டுகள். சிகாகோ நகரத்துக்குள்ளேயே, ஏரிக்கரைச் செல்வந்தர்கள் வாழும் ஸ்ட்ரீட்டர்வில்லில் 90. சில மைல் தெற்கே எங்கிள்வுட்டில் 60. இரண்டும் ஒரே குக் கவுண்டியில் இருக்கின்றன. அந்தக் கவுண்டிக்கு வரிசையில் கிடைத்தது ஒரே இடம்தான்.

வரிசைப் பட்டியலுக்கு ஒரு பலன் இருந்தது: கடைசி இடம் என்ற செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்ததும் ஊராட்சிக் கூட்டங்களில் பள்ளி, பூங்கா, பேருந்து பற்றிய பேச்சு எழுந்தது. ஆனால் 37ஆம் இடத்துக்கும் 41ஆம் இடத்துக்கும் உண்மையில் வேறுபாடே இல்லாமல் இருக்கலாம். பட்டியல் அதைச் சொல்லாது. ஒவ்வொரு மாநிலத்திலும் யாரோ ஒருவர் கடைசியில் நின்றே ஆகவேண்டும், எல்லாரும் முன்னேறியிருந்தாலும்கூட. விஸ்கான்சின் குழுவினர் 2024இல் இட எண்களைக் கைவிட்டார்கள். நாடு முழுவதிலும் உள்ள கவுண்டிகளை ஒத்த நிலையில் உள்ளவற்றோடு சேர்த்துப் பத்துக் குழுக்களாகப் பிரித்துக் காட்டும் முறைக்கு மாறினார்கள்.