உங்களுக்குத் தெரியுமா? ‘கார்மென்’ ஒத்திகையில் வெடித்த கலகம்
பாரிஸின் ஒபேரா-கோமிக் அரங்கில் ‘கார்மென்’ இசை நாடகத்துக்கு ஒத்திகை நடந்தபோது, கோரஸ் பாடும் பெண்கள் போர்க்கொடி தூக்கினார்கள். அதுவரை வரிசையாக நின்று, இசை நடத்துநரின் முகத்தைப் பார்த்தபடியே பாடிப் பழகியவர்கள் அவர்கள். இசையமைப்பாளர் ஜார்ஜ் பிஸேயோ, தனித்தனிக் கும்பலாக மேடைக்கு வாருங்கள், சிகரெட் பிடியுங்கள், சண்டை போடுங்கள், பாட்டும் பிசகக்கூடாது என்றார். சில இடங்களை வாசிக்கவே முடியாது என்று வாத்தியக்காரர்களும் முறையிட்டார்கள். பிஸே அசையவில்லை. நியாயம் அவர் பக்கம்தான். அணிவகுத்து நிற்கும் பெண்களைப் பார்த்து, கதையில் வரும் சிகரெட் ஆலைப் பெண்கள் என்று யார் நம்புவார்கள்? ஆனால் நாயகியாக நடித்த பாடகி காலி-மாரியே, தன் அறிமுகப் பாட்டு பிடிக்கவில்லை என்றதும் பிஸே அதைத் தூக்கிப்போட்டார். அந்த இடத்துக்கு வந்ததுதான் உலகப் புகழ்பெற்ற ‘ஹபனேரா’!

1875 மார்ச் 3-இல் அரங்கேற்றம். சரியாக மூன்று மாதத்தில், 36 வயதில், பிஸே காலமானார். வியன்னா மேடைக்காக அவருடைய நண்பர் எர்னெஸ்ட் கீரோ, பேச்சு வசனங்களை இசையோடு பாடும் வசனங்களாக மாற்றினார்.

1943-இல் பிராட்வேயில் பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் ‘கார்மென்’ நாடகத்தையே ‘கார்மென் ஜோன்ஸ்’ ஆக்கினார். நடித்தவர்கள் கறுப்பினக் கலைஞர்கள். சிகரெட் ஆலை பாராசூட் ஆலையானது. கதையின் காளைச் சண்டை வீரன் குத்துச்சண்டை வீரனானான். மெட்டுகள் பிஸேயுடையவை.