ஊருக்குச் செல்லும் வழியை நாமே வகுப்போம்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில் ஊர்ப்பயணப் பேச்சு எழுவது இயல்பு. இரயிலில் இடம் கிடைக்காதவர்களும், முதியோரையும் குழந்தைகளையும் வேண்டிய இடத்தில் இறக்கி இளைப்பாற்றிச் செல்ல விரும்புவோரும் இக்காலத்தில் காரிலேயே புறப்பட்டுவிடுகின்றனர். மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். இத்தனை நெடிய பயணத்தில் வழிகாட்டும் பொறுப்பை உள்ளங்கையளவு கருவியொன்றிடம் ஒப்படைக்கிறோம். அது எவ்வாறு வழி காண்கிறது என்பதை அறிந்துகொள்வது அவசியமன்றோ?

ஜி.பி.எஸ். எனப்படும் அமைப்பை நிறுவியவர்கள் அமெரிக்க இராணுவத்தார். அதன் முதல் செயற்கைக்கோள் 1978-ஆம் ஆண்டு ஏவப்பட்டது. 1995-இல் அமைப்பு முழுமை பெற்றது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இக்கோள்களுள் நான்கேனும் அனுப்பும் வானொலி அலைகள் வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, கருவி தான் இருக்குமிடத்தை அறிகிறது. நம் நாட்டு இஸ்ரோவும் 2013 முதல் 2016 வரை ஏழு கோள்களை ஏவி, ‘நாவிக்’ என்னும் அமைப்பை உருவாக்கியது. கைபேசிக் கோபுரம் எட்டாத மலைப்பாதையிலும் கருவி இயங்குவது இக்கோள்களின் உதவியால்தான்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நாம் எங்கே இருக்கிறோம் என்பதை மட்டுமே கோள் அறிவிக்கும். எந்தச் சாலை நல்லது என்பது அதற்குத் தெரியாது. வழியைத் தேர்ந்தெடுப்பது கருவிக்குள் இருக்கும் வரைபடமும் கணக்குமே. வரைபடம் பிழைபட்டால் வழியும் பிழைபடும். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், வெள்ளத்தால் ஒரு பகுதி இடிந்துபோன பாலத்தின்மேல் கைபேசி வரைபடத்தை நம்பிச் சென்ற கார் இராமகங்கை ஆற்றில் வீழ்ந்து மூவர் மாண்டனர். 2025 ஜூலையில் நமக்கு அண்மையிலுள்ள பேலாப்பூரில், பாலத்தின்மேல் ஏறாமல் அதன் கீழ்ச்சாலையில் சென்ற கார் கடற்கழியில் விழுந்தது. அதை ஓட்டிய பெண்மணி நல்லவேளையாக மீட்கப்பட்டார்.

ஆகவே, சேருமிடத்தை மட்டும் குறித்துவிட்டு மற்றதைக் கருவியின் போக்குக்கு விடுவது நன்றன்று. புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பே வீட்டுக் கணினியில் வரைபடத்தை விரித்து, நாம் செல்ல விரும்பும் சாலையில் இடைப்புள்ளிகளை வரிசையாக இடவேண்டும். புனே, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, சித்ரதுர்கா, தும்கூர் எனத் தேசிய நெடுஞ்சாலை 48-ஐப் பற்றிச் செல்லலாம். பெங்களூரு நகருக்குள் சிக்காதிருக்க, தும்கூர்ச் சாலையிலிருந்து ஓசூர்ச் சாலைக்குச் சுற்றிச் செல்லும் நைஸ் சாலையில் ஒரு புள்ளி வேண்டும். கிருஷ்ணகிரியில் வழி பிரிகிறது: சென்னைக்குச் செல்வோர் 48-இலேயே தொடரலாம்; சேலம், மதுரை, நெல்லை செல்வோர் நெடுஞ்சாலை 44-இல் திரும்பவேண்டும்.

புள்ளியிடுவதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஊரின் பெயரைத் தேர்ந்தால், கருவி நம்மை அவ்வூரின் கடைத்தெருவுக்கே இழுத்துச் செல்லக்கூடும்; எனவே புறவழிச்சாலையின்மீதே புள்ளியிடுக. அடுத்து, வரைபடத்தைப் பெரிதாக்கி, நாம் செல்லும் திசைக்குரிய பாதையில் புள்ளி விழுந்துள்ளதா என்று பார்க்கவேண்டும். எதிர்த்திசைப் பாதையில் விழுந்தால், கருவி பல கிலோமீட்டர் சென்று திரும்பி வரச் சொல்லும்.

இவ்வாறு வகுத்ததை ஜி.பி.எக்ஸ். கோப்பாகக் கருவியில் ஏற்றலாம். அதில் ‘ரூட்’, ‘டிராக்’ என இருவகை உண்டு. ரூட் என்பது புள்ளிகளின் வரிசை. அவற்றுக்கு இடைப்பட்ட வழியைக் கருவி தன் வரைபடத்தின்படி மீண்டும் கணக்கிடும். கணினியின் வரைபடமும் கருவியின் வரைபடமும் வேறுபட்டால் வழியும் மாறிவிடும். டிராக் என்பதோ மாறாத கோடு. இரண்டையும் ஏற்றி, கோட்டின்மேல் வழி பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது உத்தமம். மொத்தத் தூரம் எதிர்பாராத அளவுக்குக் கூடினாலோ குறைந்தாலோ எங்கோ பிழை இருக்கிறது என்று உணர்க.

மிகக் குறைந்த தூரமே சிறந்த வழி என எண்ணுவதும் தவறு. கோவைப் பக்கம் செல்வோருக்குச் சாமராஜநகர் வழி குறுக்கு வழியாகத் தோன்றலாம். ஆனால் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை புலிகள் காப்பகத்தின் ஊடே செல்வது. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022 முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. இத்தகைய செய்திகளைக் கருவி எப்போதும் நமக்குச் சொல்லிவிடாது.

காரை ஓட்டுபவர் கருவியில் கை வைக்கலாகாது. அருகில் அமர்ந்தவரே அதைக் கவனிக்கட்டும். வழியிலுள்ள ஊர்ப்பெயர்களை ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரை ஒன்று காட்ட, கண் எதிரே சாலை வேறொன்றாகத் தோன்றினால், வண்டியை ஓரமாக நிறுத்தி அங்குள்ளோரை விசாரியுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் முன்னோர் சொன்னது செயற்கைக்கோள் காலத்துக்கும் பொருந்தும். ஊரில் நம் வரவை நோக்கித் திண்ணையில் காத்திருப்போருக்கு, நாம் ஒரு மணி நேரம் முந்தி வருவதைவிட நலமாக வந்து சேர்வதே பெரிது.