சங்கரன்கோவிலில் எத்தனை அசை?

'சங்கரன்கோவில்' என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள், குட்டீஸ்! அதில் எத்தனை துண்டுகள் இருக்கின்றன?

தமிழ் இலக்கணப்படி பிரித்தால் சங்-கரன்-கோ-வில் என்று நான்கு. இந்தத் துண்டுக்குப் பெயர்தான் அசை. குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும், ஒற்றெழுத்தோடு வந்தாலும் அது நேரசை. 'கரன்' போல இரண்டு குறில் சேர்ந்து வந்தாலோ, குறிலும் நெடிலும் சேர்ந்து வந்தாலோ நிரையசை.

இதே பெயரைப் பிரெஞ்சு முறையில் பிரித்தால்? சங்-க-ரன்-கோ-வில் என்று ஐந்தாகிவிடும்! அங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. 'கரன்' என்பதில் இரண்டு உயிரொலிகள் இருப்பதால் அது இரண்டாக உடைகிறது.

பிரெஞ்சு நமக்கு ரொம்ப தூரத்து மொழி அல்ல. புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கே 1826ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது. தெருப் பெயர்ப் பலகைகளில் தமிழோடு பிரெஞ்சையும் பார்க்கலாம்.

கடைசிக்குத்தான் அழுத்தம்!

ஆங்கிலத்தில் 'பாரிஸ்' என்று முதல் அசையை அழுத்திச் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்களோ 'பரீ' என்று கடைசி அசையை அழுத்துவார்கள். கடைசியில் 'எஸ்' எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள். அதனால் அசையைக் காதால்தான் எண்ண வேண்டும், கண்ணால் அல்ல!

இன்னொரு வேடிக்கை. 'போன்ஜூர்' என்றால் வணக்கம். தனியாகச் சொன்னால் 'ஜூர்' மீது அழுத்தம். 'போன்ஜூர் மொனமி' (வணக்கம், நண்பா) என்று சேர்த்துச் சொன்னால், அழுத்தம் கடைசி 'மி'க்குத் தாவிவிடும். சொற்கூட்டம் எங்கே முடிகிறது என்று கேட்பவருக்கு அதுவே காட்டிக்கொடுக்கும்.

'மொனமி' என்பதே 'மோன்', 'அமி' என்ற இரு சொற்கள்தான். முதல் சொல்லின் 'ன்', அடுத்த 'அ'வோடு ஒட்டி 'ன' ஆகிவிட்டது. தேன் + அடை = தேனடை என்று வகுப்பில் படித்தது நினைவுக்கு வருகிறதா? தமிழில் புணர்ச்சி தெரிந்தவர்களுக்குப் பிரெஞ்சில் இந்த இடம் புதிதாகவே இருக்காது!

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. 'கோமதி' தமிழில் கோ-மதி, இரண்டு அசை. பிரெஞ்சு முறையில் கோ-ம-தி, மூன்று. அழுத்தம் 'தி' மேல். உங்கள் பெயரில் எத்தனை? நண்பர்களோடு கைதட்டி எண்ணிப் பாருங்களேன்!